பழைய எண்ணெய்க் கிணற்றுச் சூடா, தீவகத்து வெயிலா?

1970களில் மன்னார்ப் பேசாலையில் சோவியத் நிபுணர்களை வைத்து எண்ணெய் தேடித் துளைத்தார்கள், கிடைக்கவில்லை. நிலத்தடிச் சூட்டிலிருந்து கறண்ட் எடுக்கும் புவிவெப்பத்தில் துளையிடும் செலவுதான் பெரியது. அதை முன்னமே செய்து முடித்த ஒரு துளை நெடுந்தீவு மாதிரி இடத்தில் இருந்தால், அந்தச் சூட்டில் கறண்ட் எடுப்பது நல்லதா, சூரியத் தகடு போடுவது நல்லதா?

சூட்டை எடுக்க இரண்டு வழி. ஒன்று, எண்ணெயோடு சேர்ந்து வரும் சுடுநீர். வயோமிங்கின் டீப்பொட் டோம் எண்ணெய் வயலில் 2008இல் 250 கிலோவாட் இயந்திரம் ஒன்றை இப்படி ஓட்டினார்கள். குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் திரவம் ஒன்று சுழலியைச் சுழற்றும். ஆனால் இதற்கு நாளுக்குப் பல்லாயிரம் பீப்பாய் சுடுநீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். சீமெந்து போட்டு மூடிய வறண்ட துளைக்கு இது சரிவராது.

மற்றது மூடிய சுற்று: குழாய்க்குள் குழாய் இறக்கி, தண்ணீரை அனுப்பிச் சூடாக்கித் திரும்ப எடுப்பது. நிலத்தடி நீரோடு எதுவும் கலக்காது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் நன்னீரை நம்பி வாழ்கிற எங்களுக்கு, அதுவும் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்குப் பிறகு, இது சின்ன விஷயமில்லை. குறை என்னவென்றால், பாறை வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை என்று கூடுவதால், மேற்பரப்பின் சூட்டையும் சேர்த்தால் 2.5 கிலோமீட்டர் ஆழத்தில் 100 பாகைக்குக் கிட்ட வரும். இருந்தாலும் தொடர்ந்து எடுக்கக்கூடியது சில நூறு கிலோவாட் வெப்பம்தான். 250 என்று வைத்து, அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு மின்சாரமானால் 20 கிலோவாட். பம்புக்குப் போவது அதற்குள்தான்.

இன்னொன்று, எங்கள் ஊர் வெக்கை. அலாஸ்காவின் சீனாவில் (நாடல்ல, வெந்நீரூற்று) 2006 முதல் 74 பாகை நீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். குளிர்விக்க அங்கே 4 பாகைத் தண்ணீர் இருக்கிறது. அதே சுடுநீரை இங்கே 30 பாகையில் குளிர்வித்தால், கோட்பாட்டளவில் கிடைக்கும் உச்சத் திறனே 20 சதவீதத்திலிருந்து 13க்குக் கீழே விழும்.

சரி, வெயில் பக்கம். அந்த 20 கிலோவாட் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 480 யூனிட். ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நாலு யூனிட் தரும் என்று வைத்தால் 120 கிலோவாட் தகடு போதும். இடைவெளியோடு நாலு பரப்புக் காணிக்குள் அடங்கும். இரவுக்கு பற்றரி வேண்டும், அது செலவுதான். ஆனாலும் பழுதானால் ஊர்ப் பொடியனே பார்ப்பான். கிணற்றுக்குள் குழாய் துருப்பிடித்தால் யாரைக் கூப்பிடுவது? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய உதவியோடு சூரியசக்தியும் காற்றும் பற்றரியும் சேர்ந்த திட்டம் வகுத்ததும் சும்மா இல்லை.

மின்சாரத்துக்கு என் வாக்கு வெயிலுக்கும் காற்றுக்கும்தான். துளையின் சூட்டை மின்சாரமாக்காமல் அப்படியே பயன்படுத்துவது வேறு கதை. சுவிட்சர்லாந்தின் வெக்கிஸில் பயனற்றுப்போன ஆழ்துளை ஒன்று வீடுகளைச் சூடாக்குகிறது. இங்கே ஒடியலையும் கருவாட்டையும் வெயிலே காயவைத்துவிடும். ஆனால் 80 பாகைச் சுடுநீர் இருந்தால் லித்தியம் புரோமைட் குளிரூட்டியை ஓட்டி, மரக்கறியும் பழமும் வைக்க ஒரு குளிரறை நடத்தலாம்.