இலை கருகருவென்று இருக்கிறது என்று மலைவேம்புக் கன்று வாங்கிவிடாதீர்கள்

18,000 ரூபாய் போச்சு. 450 மலைவேம்புக் கன்றுகள், ஒன்று 40 ரூபாய். நட்டதில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது, மிச்சமும் தேறுகிற மாதிரி தெரியவில்லை.

விற்றது ரோட்டோரத்தில் இருக்கும் ஒரு தனியார் நர்சரி. கன்றுகள் இடுப்பளவு உயரம், அத்தனை இலையும் கரும்பச்சை. பைகளின் மேல்மண்ணில் ஜவ்வரிசி போல வெள்ளைக் குருணை கிடந்தது. என்னவென்று கேட்டேன். "பெர்லைட்டுங்கண்ணா, மண்ணு இறுகாம இருக்கப் போடறது. நாங்க ரசாயன உரமே தொடறதில்லீங்க" என்றார். கேட்டதும் பதில் சொன்ன அந்த நிதானத்தை நம்பித்தான் மொத்தப் பணத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

நட்ட வாரமே நுனிகள் தொங்கின. சொட்டுநீர் ஓடியும் நிமிரவில்லை. சாய்ந்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தால், அவ்வளவு உயரத்துக்கு வேர் ஒரு கைப்பிடி இல்லை. நடாமல் இருந்த பையிலிருந்து அந்தக் குருணையை எடுத்து ஈரக்கையில் தேய்த்தேன். சில்லென்று கரைந்தது. பெர்லைட் கரையாது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். இது யூரியா!

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. இளங்கன்றுக்கு அது வேண்டும்தான், பச்சையம் உருவாகவே தழைச்சத்து தேவை. ஆனால் அள்ளிப் போட்டால் கன்று தன் சத்தையெல்லாம் இலைக்கும் தண்டுக்குமே செலவழிக்கும், வேர்விடாது. பெருத்த இலைகள் வெளியேற்றும் நீரை அந்தக் கொஞ்ச வேரால் ஈடுகட்ட முடியாது. தண்டும் முற்றாமல் சொதசொதவென்று இருக்கும். நிழல்வலைக்குள் நிற்கும்வரை அழகுதான், வயல் வெயிலில் படுத்துவிடும். விற்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? உயரத்தைப் பார்த்துத்தானே விலை!

போன் செய்தால் முதலில் "தண்ணி பத்தலீங்க". அப்புறம் "உங்க மண்ணுல கரையானுங்க". கடைசியாக "அடுத்த தடவை வாங்கறப்ப கொறச்சுப் போட்டுத் தர்றேன்". இப்போது எடுப்பதே இல்லை. 18,000 ரூபாய் என்ன சும்மாவா வந்தது?

வாங்கப் போகிறவர்கள் ஒரு பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பிவிடுங்கள். உயரத்தை விட அடித்தண்டின் பருமனைப் பாருங்கள். கீழ் இலை லேசாக வெளிறிய கன்று என்றாலும் பரவாயில்லை, தழைச்சத்துக் குறையைப் பின்னால் சரிசெய்யலாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் உடனே நட வேண்டாம். மேலே கிடக்கும் குருணையை வழித்துப் போட்டு, உரத்தை நிறுத்தி, அரை நிழலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.