காற்றடிக்கும் கயாக்கும் ஆலப்புழைக் கூட்டமும்: ஒரு வேலூர்க்காரனின் அனுபவம்

குடியாத்தத்து நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். நான் வைத்திருக்கும் அதே காற்றடிக்கிற இரண்டு பேர் கயாக் (துடுப்புப் போட்டுப் போகும் சின்னப் படகு) இப்போது ஆஃபரில் வருகிறதாம். "வாங்கலாமா? ஆனா ஆலப்புழைல எங்க பாத்தாலும் ஹவுஸ்போட்டாம்பா. நம்மள மாதிரி ஆளு உள்ள போனா நசுக்கிட்டுப் போய்டுவான்றாங்களே, நெஜமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. கயாக்கின் வால்வு ஓரம் ஒட்டு விட்டு, அதைச் சரிசெய்து முடித்த கையோடு உட்கார்ந்திருந்தேன். விரலில் பசை நாற்றம் கூடப் போகவில்லை. என்னவோ சொல்லிச் சமாளித்து போனை வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நீளம், அகலம், எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. துணி உறை, உள்ளே பி.வி.சி. பைகள், கைப்பம்பு. நிதானமாக அடித்தாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் படகு தயார். சீட்டு வசதி. துடுப்பு சுமார். இவ்வளவு போதும்.

வேலூரில் இருந்துகொண்டு படகு வாங்கினால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். "இன்னாபா, பாலாத்துல உடப் போறியா?" என்று கேட்காத ஆளே தெருவில் இல்லை. சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று ஊரைப் பற்றியே ஒரு சொலவடை உண்டு. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் மட்டும் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது. 2021 நவம்பரில் பாலாறு வந்த வேகத்தில் பாலத்தின் மேல் நின்று பார்க்கவே பயமாக இருந்தது. கயாக் எடுத்துக்கொண்டு இறங்குகிற தண்ணீரா அது?

ஏரிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. வாலாஜா அணைக்கட்டிலிருந்து பாலாற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. நிரம்பி நிற்கும்போது கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர்தான். ஆனால் நம் பக்கத்து ஏரிகளில் இரண்டு சங்கடம். ஒன்று, மீன் குத்தகை. குத்தகை எடுத்தவரிடம் சொல்லாமல் இறங்கினால் வலையை அறுக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் நினைப்பதிலும் தப்பில்லை. இன்னொன்று, சீமைக் கருவேல முள். ஏரி வறண்டு கிடக்கும் வருஷங்களில் உள்ளேயே காடாக வளர்ந்து, மழை வந்ததும் தண்ணீருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பிளாஸ்டிக் படகுக்கு அது கீறல், காற்றடித்த படகுக்கு ஆயுள் கெட்டி இருந்தால் பிழைக்கலாம். அதனால் உள்ளூரில் கூட்டமே இல்லாத தண்ணீர் இருந்தும், நான் காட்பாடியில் ரயில் ஏறி ஆலப்புழை போகிறேன்.

அந்த ரயில் இல்லாவிட்டால் இந்தக் கயாக்கையே வாங்கியிருக்க மாட்டேன். ராத்திரி ஏறினால் காலையில் ஆலப்புழை. ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம், இந்தப் பை பதினேழு கிலோதான். எடை பிரச்சினை இல்லை, உருவம்தான் பிரச்சினை. பெர்த்துக்கு அடியில் தள்ளினால் எதிர் சீட்டுக்காரர் காலை வைக்க இடமில்லாமல் முறைப்பார். உள்ளே என்ன என்று கேட்டுப் படகு என்று தெரிந்ததும் முறைப்பு போய்விடும், எவ்வளவு விலை என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

சரி, நண்பர் கேட்ட கூட்டத்துக்கு வருகிறேன். ஆலப்புழையில் கூட்டம் உண்டா? உண்டு. ஆனால் அது கடிகாரம் பார்த்து வருகிற கூட்டம். ஹவுஸ்போட்டுகள் மதியம் 12 மணி வாக்கில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். புன்னமடை, வேம்பநாட்டு ஏரி, அப்புறம் கைனகரி, நெடுமுடிப் பக்கத்து அகலமான கால்வாய்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகும். சாயங்காலம் 5.30க்கு எங்கேயாவது கரையில் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் மீனவர்கள் வலை போடும் நேரம். மறுநாள் காலை 8 மணிக்கு ஒரு சின்னச் சுற்று, ஒன்பது ஒன்பதரைக்கு ஆட்களை இறக்கிவிடுவார்கள். ஆக, விடிந்ததிலிருந்து 8 மணி வரை அந்தக் கால்வாய்கள் ஹவுஸ்போட் இல்லாமல் கிடக்கின்றன. ஆலப்புழையில் நெரிசல் என்று சொல்லித் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் மதியம் 1 மணிக்குப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

அந்தக் காலை நேரத்திலும் கால்வாய் காலி என்று நினைத்துவிட வேண்டாம். பால் கேன் ஏற்றிய வள்ளம் வரும், எதிர்க்கரை கடையிலிருந்து கேஸ் சிலிண்டர் வரும், அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு வரும். அவர்களுக்கு அது தெரு. நாம் பொழுதுபோக்காகத் துடுப்புப் போடுகிறோம், அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். துறைப் படகு தூரத்தில் தெரிந்ததுமே ஒதுங்கிக்கொள்வது என் வழக்கம். அது ஒவ்வொரு படகுத்துறையிலும் நின்று நேரத்துக்குப் போக வேண்டிய பஸ் மாதிரி, கயாக்குக்காக வேகத்தைக் குறைக்காது, குறைக்க வேண்டியதும் இல்லை.

மாதக் கணக்கில் பார்த்தால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை தலையே காட்ட வேண்டாம். ஓணம் விடுமுறையும் அப்படித்தான். ஆகஸ்ட் மாதத்து நேரு டிராபி பாம்புப் படகுப் போட்டி வருஷத்துக்கு ஒருமுறை, சில ஆண்டுகளில் தேதி தள்ளிப் போகும். அன்றைக்குப் புன்னமடைப் பக்கம் நமக்கு வேலையே இல்லை, கரையில் நின்று பார்ப்பதென்றால் போகலாம். மழைக்காலத்தில் கூட்டம் குறைகிறது, ஹவுஸ்போட் வாடகையும் இறங்குகிறது, ஆனால் ஆற்று வெள்ளம் ஆலப்புழையை ஒட்டிய தாழ்வான வயல் பகுதியான குட்டநாட்டுக்குள் இறங்கும் நாட்களில் இழுப்பு பலமாக இருக்கும். எனக்குப் பிடித்தது ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும்.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டால்? நசுக்கிவிட மாட்டார்கள். ஹவுஸ்போட் நிதானமாகத்தான் போகும், ஓட்டுகிறவர்களும் "சேட்டா, சைடு" என்று முன்கூட்டியே குரல் கொடுப்பார்கள். படகைவிட, அது கிளப்பிவிடும் அலைதான் தொந்தரவு. மண் கரையாக இருந்தால் அலை புல்லில் மோதி அடங்கிவிடும். கருங்கல் அடுக்கிய செங்குத்துக் கரையாக இருந்தால் மோதித் திரும்பி வரும். எதிர்ப் பக்கச் சுவரிலிருந்தும் அதே மாதிரி திரும்பும். இரண்டு ஹவுஸ்போட் ஒன்றையொன்று கடந்து போய் அரை நிமிஷம் கழித்து, அதற்குமேல் எதுவும் இல்லை என்று நினைக்கிற நேரத்தில், நடுக் கால்வாய் கொதிக்க ஆரம்பிக்கும். புதிதாக வருகிறவர்கள் பயந்து போய்ச் சுவரை ஒட்டி ஒதுங்குவார்கள். சுவரோரத்தில்தான் அலை உயரம் அதிகம். வருகிற அலையும் திரும்புகிற அலையும் சேருமிடம் அது. சுவரிலிருந்து ஒரு படகு நீளம் தள்ளி, மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கயாக் அதில் ஏறி இறங்குவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. காற்றுப் படகு என்பதால் அகலமாக, மிதப்பாக இருக்கிறது. அதைக் கவிழ்க்க வேண்டுமென்றால் தனியாக முயற்சி எடுக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கும் மச்சான் திரும்பிப் பார்த்துப் பேசுகிற பழக்கம் உள்ளவர், அப்படியும் கவிழ்ந்ததில்லை.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு ஃபின்னுக்கு வர வேண்டியிருக்கிறது.

படகின் அடியில் பின்பக்கம் செருகுகிற பிளாஸ்டிக் தகடு அது. நேராகப் போக உதவும் என்று பெட்டிமேல் போட்டிருக்கிறார்கள். உதவுகிறது. அது இல்லாமல் துடுப்புப் போட்டால் ஒவ்வொரு போடுக்கும் மூக்கு வலமும் இடமும் ஆடும், பாதி உழைப்பு நேராக்குவதிலேயே போய்விடும். இருக்கும்போதோ, ஆகாயத்தாமரை. வேம்பநாட்டு ஏரிக்குள் கடலின் உப்பு ஏறாமலிருக்க தண்ணீர்முக்கம் தடுப்பணையை 1970களில் கட்டினார்கள், குட்டநாட்டில் 'புஞ்சா' என்று சொல்கிற போகத்து நெல்லுக்காக. டிசம்பர் வாக்கில் ஷட்டரை அடைப்பார்கள். உப்பு ஏறினால் ஆகாயத்தாமரை பட்டுப்போகும், ஏறாதபோது அதற்குக் கொண்டாட்டம். அதாவது, கூட்டம் குறைவு என்று நான் தேர்ந்தெடுத்துப் போகும் ஜனவரி, பிப்ரவரியில்தான் ஷட்டர் அடைத்திருக்கிறது. ஹவுஸ்போட்டுக்குப் பயந்து சின்னக் கால்வாய்க்குள் நுழைந்தால் அங்கே இது காத்திருக்கிறது.

மேலே பார்க்க ஊதாப் பூவும் பச்சை இலையுமாக அழகாகத்தான் இருக்கும். அடியில் முழ நீளத்துக்குக் கறுப்பாக, மயிர் மயிராக வேர். அது போய் ஃபின்னைச் சுற்றிக்கொள்ளும். முதலில் படகு லேசாகக் கனக்கிற மாதிரி தெரியும், மச்சான் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று சந்தேகம் வரும். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு சின்னத் தோட்டமே வந்துகொண்டிருக்கும். பின்னோக்கிப் போட்டால் கொஞ்சம் கழன்று போகும், மிச்சத்தைக் கையை விட்டுத்தான் பிடுங்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாது. எட்டுகிற மாதிரி சாய்ந்தால், இத்தனை நேரம் நான் புகழ்ந்த அந்த அகலம் குறுக்கே நிற்கும். படித்துறையில் இறக்கும்போதும் ஏற்றும்போதும் கல்லில் முதலில் தட்டுவது இதே ஃபின்தான். மடங்குகிற மாதிரியோ, உட்கார்ந்தபடியே இழுத்துத் தூக்குகிற மாதிரியோ செய்வது பெரிய விஞ்ஞானமா? ஒரு கயிறும் ஒரு கீலும் போதும். வருஷத்துக்கு ஒரு புது நிறத்தில் இறக்குகிறார்கள், ஃபின் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒட்டு விட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர்க் கோடையில் வீட்டுக்குள் வைத்திருந்தும் வால்வைச் சுற்றி ஒட்டு இளகிவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவினால் வரிசையாகக் குமிழி. விற்ற கம்பெனிக்கு எழுதினேன், ஒட்டு வாரண்டியில் வராது என்று மரியாதையாகப் பதில் வந்தது. சைக்கிள் ட்யூபுக்குப் போடுகிற ரப்பர் சொல்யூஷன் பி.வி.சி.யில் பிடிக்காது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். அப்போதுதான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். படகு பழுதுபார்க்க வெளிநாட்டு ஆட்கள் விலை கொடுத்து வாங்கும் பி.யூ. (பாலியூரிதேன்) பசையும், நம் தோல் பட்டறைகளில் ஷூவுக்கு அடி ஒட்டுகிற பி.யூ. பசையும் ஒரே குடும்பம். எமரித் தாளில் தேய்த்து, துடைத்து, ஹார்டனர் கலந்து இரண்டு பூச்சு. விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு லேசாகச் சூடு காட்டி அழுத்தினார். மேலே ஒரு நாள் முழுக்க அம்மிக்கல். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், ஆம்பூர் வரை போய்ப் பிரியாணி சாப்பிடாமல் வருவதா என்று அவரே கூட்டிப் போய் அதற்கும் பணம் கொடுத்துவிட்டார். இப்போது சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழி இல்லை.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு விஷயம். காலையில் கரையில் வைத்துக் கல்லு மாதிரி அடித்தாலும், குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் காற்று சுருங்கிக் கொஞ்சம் தொய்யும். பயப்படாமல் இன்னும் நாலு பம்பு போட்டுக்கொள்ளலாம். ஆனால் 11 மணிக்குக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும்போது மறக்காமல் காற்றை இறக்கிவிட வேண்டும். வெயிலில் உப்பி, தையல் ஓரத்தைப் பிளந்துவிடும்.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கைனகரிப் பக்கம் காலை நேரத்தில் உள்ளூர்க்காரர்களே கயாக் வாடகைக்கு விடுகிறார்கள், வழி தெரிந்த ஆளும் கூட வருவார், எந்தக் கால்வாயில் இந்த வாரம் பச்சை அடைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பதினேழு கிலோவைக் காட்பாடி மேம்பாலப் படிகளில் தூக்க வேண்டாம், எதிர் சீட்டுக்காரரின் முறைப்பும் இல்லை, ஃபின்னும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இதுதான் சரி.

இதையே போனில் திரும்பச் சொன்னபோது, "அப்போ உன்னோடதக் குடுத்துடு, பாதி வெலைக்கு எடுத்துக்கறேன்" என்றார். கொடுப்பதற்கில்லை. பிப்ரவரிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஃபின்னில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிப் பார்க்கலாமா என்று ஆம்பூர்க்காரரிடம் கேட்டிருக்கிறேன்.