சித்ரா இதய வால்வு: பொருத்திக்கொண்டவனின் மதிப்புரை

லேத் பட்டறையில் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான். வாதக் காய்ச்சல் என் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டதால் டிடிகே சித்ரா வால்வைப் பொருத்தினார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இது, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

என்னைக் கவர்ந்தது அதன் கூண்டு. கோபால்ட்-குரோமியம் கலவையின் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. பற்றவைத்த இணைப்பே கிடையாது. நிமிடத்துக்கு எழுபது முறை அடி விழும் இடத்தில் பற்றுதான் முதலில் விடும் என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். உள்ளே சாய்ந்து திறக்கும் வட்டுக்கு நீலக்கல்லைக்கூடச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டு, தேய்மானம் தாங்கும் பாலிஎத்திலீனுக்கு வந்திருக்கிறார்கள். அருமையான முடிவு! சத்தமும் மிகக் குறைவு. இரவில் நிம்மதியாகத் தூங்குகிறேன். வெளிவளையம் பாலியெஸ்டர் துணி. தையல் அதில்தான் பிடிக்கிறது, பிறகு உடலின் திசுவும் அதில் ஊடுருவி வளர்கிறது.

குறை ஒன்று உண்டு, எல்லா உலோக வால்வுகளுக்கும் பொதுவானது: இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை. கீரை அந்த மாத்திரையின் வேலையைப் பாதிக்கும் என்பதால், அதைச் சாப்பிடும் அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது. எனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை இதைச் சரியாக விளக்கவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு. பொருத்திக்கொள்ளப் போகிறவர்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்யும் இடம் வீட்டருகே இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.