பெயர் எழுதாத மருந்து என்வலப்: டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள் கவனம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து டவுன் ஒன்றில், டொக்டரே மருந்தும் கட்டிக் கொடுக்கும் பிரைவட் டிஸ்பென்சரியில் 2024 நவம்பரில் எங்களுக்கு நடந்தது இது. டொக்டர் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே மாதிரிதான் மருந்து வாங்கி வருகிறோம் என்று தோட்டத்து லயத்தில் பலர் சொன்னதால் எழுதுகிறேன்.

அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சீனி, பிரஷர் இரண்டுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதாமாதம் இலவசமாக மருந்து எடுக்கிறார். சளியும் இருமலும் விடவில்லை என்று தங்கச்சி டவுனுக்குக் கூட்டிப் போனாள். உள்ளே இருந்தது மூன்று நிமிடம் இருக்கும். கிளினிக் கொப்பி பையில் இருந்தும் அதை யாரும் கேட்கவில்லை. வெளியே வரும்போது கையில் ஆறு என்வலப், பில் 4,200 ரூபா. தோட்டத்தில் ஏறக்குறைய மூன்று நாள் பேர், அதாவது மூன்று நாள் சம்பளம். டொக்டருக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்ற பிரிப்பே இல்லை. பற்றுச்சீட்டும் இல்லை.

என்வலப்பில் காலை, இரவு என்று கோடு மட்டும் போட்டிருந்தது. குளிசையின் பெயர் எதிலும் இல்லை. ஐந்து நாள் கழித்து மறுபடியும் போய் இன்னொரு 3,800 ரூபா கட்டினார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தாகம் தாங்கவில்லை. இரவில் ஆறேழு தடவை எழும்பினார். ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு போனால் சீனி 380. "என்ன மருந்து குடித்தீர்கள்?" என்று கேட்டார்கள். என்வலப்பைத்தான் காட்ட முடிந்தது. ஒரு குளிசை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றும், அது சீனியை ஏற்றும் என்றும் அங்கிருந்த டொக்டர் சொன்னார். சீனி உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றில்லையாம், கொடுத்தால் சீனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இன்னொன்று அம்மா கிளினிக்கில் ஏற்கனவே சும்மா வாங்கும் ஒமிப்ரசோல் என்ற வயிற்று எரிச்சல் மருந்து. அதற்கும் காசு கொடுத்திருக்கிறோம்!

பெயர் கேட்டு நான் டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கட்டிக் கொடுக்கும் பையன், "அதெல்லாம் டொக்டருக்குத்தான் தெரியும் அண்ணே" என்றான். டொக்டரோ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நம்பிக்கை இல்லையென்றால் ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்.

மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை அமைத்த நாடு இது. கம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பொதுப் பெயரில் மலிவாக வாங்கலாம் என்பதுதான் அவர் சொன்ன வழி. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலையும் நிர்ணயித்தார்கள். ஆனால் பெட்டியும் அட்டையும் இல்லாமல் உதிரியாக என்வலப்பில் வரும் குளிசைக்கு எந்த விலையை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

டொக்டர் தன் வேலைக்குக் காசு வாங்குவதில் எனக்குக் குறையில்லை. என்ன கொடுத்தார் என்று சொல்லாததுதான் குறை. போகிறவர்கள் கிளினிக் கொப்பியை நீங்களாகவே எடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொரு என்வலப்பிலும் பெயரும் மில்லிகிராமும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், மருந்துச் சீட்டு மட்டும் எழுதித் தாருங்கள், மருந்தை அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவிலோ வேறு பாமசியிலோ எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். வாங்கிய என்வலப்பை வீசவும் வேண்டாம்.

அம்மா நான்கு நாள் வார்டில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இருமல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறார்.