திண்ணை வீடா, மதில் வீடா, ஃபிளாட்டா? காரைக்குடியில் வீடு தேடுகிறவர்களுக்கு

காரைக்குடியில் வீடு பார்க்கிறவர்களுக்கு இப்போது மூன்று வழி இருக்கிறது. பழைய ஊருக்குள் தெருவை ஒட்டித் திண்ணை வைத்த சின்ன ஓட்டு வீடு, ஊருக்கு வெளியே டி.டி.சி.பி. (அரசின் நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் வாங்கிய மனையில் மதில் எழுப்பிக் கட்டும் தனி வீடு, அப்புறம் ஃபிளாட். நாங்கள் வாங்கியது திண்ணை வீடு, கொப்புடையம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை, தண்ணீர், கார் நிறுத்த இடம் எல்லாம் எல்லோரும் போடுகிற கணக்குதான். காரும் பேங்க் லோனும் முக்கியம் என்றால் மனை வீடு சுலபம். எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வீட்டு நிலைவாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் நிலைப்படி தாண்டினால் திண்ணை, திண்ணையை விட்டு இறங்கினால் தெரு, அவ்வளவுதான். இடம் எங்களுடையது, ஆனால் அங்கே உட்கார யாரும் எங்களைக் கேட்பதில்லை. காலையில் அம்மா முருங்கைக்கீரை உருவ அங்கேதான் உட்காருவார், பூக்காரம்மா கூடையை இறக்கி வைப்பார், எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் ஆட்டோ வரும்வரை அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டியதில்லை, கதவைத் தட்ட வேண்டியதில்லை, காபி போட வேண்டிய கட்டாயமும் இல்லை, பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து உள்ளே போய்விடலாம். இப்படிக் கட்டாயம் எதுவும் இல்லாமல் தினமும் நாலு வார்த்தை பேச இடம் இருந்தால்தான் அக்கம்பக்கம் பழகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து வெளியே வராத அன்று, "என்ன அத்தை, இன்னைக்கு வெளிய காணோம்?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்துவிட்டாள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதானவர்கள் தனியாக வாழும் வீடுகள் நிறைந்த ஊர் இது. இங்கே அந்த ஒரு கேள்விக்கு இருக்கும் மதிப்பு கொஞ்சமில்லை.

செட்டிநாட்டு வீடு என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைப்பது கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்தில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய பெரிய வீடுகளை. இந்த ஊர்களின் தொகுப்பு 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல் பற்றி எழுத வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது. ஆனால் தெரு வாழ்க்கை என்று பார்த்தால் பெரிய வீடும் எங்கள் வீடும் ஒரே வகை இல்லை. பெரிய வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்புத் திண்ணை வரவு செலவு பேசவும் வந்தவர்கள் தங்கவும்தான், குடும்பம் புழங்கியதெல்லாம் உள்ளே வளவில், அதாவது நடுவில் முற்றமும் சுற்றி அறைகளும் உள்ள பகுதியில். கல்யாணமான மகனை வேறு வைத்தாலும் அதே வளவில் அவனுக்கு ஓர் அறையும் தனி அடுப்பும் உண்டு, கோயில் கணக்கில் அது தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். ஒரு தெருவையே உள்ளே மடித்து வைத்த மாதிரி வீடு அது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அடிவாங்கிய, பர்மாவில் நகரத்தார் நடத்திய வட்டித் தொழில் 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் நொடித்துப்போனது, பிழைப்பு தேடிக் குடும்பங்கள் வெளியேற, வளவு காலியானது. உள்ளே ஆள் இல்லாமல் போனதும் வெளியே தெருவும் வெறிச்சோடியது, ஏனென்றால் பக்கச் சந்து நெடுக இருப்பது சுவர்தான். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் விற்பதும் லேசில் நடக்காது. ஒரு பெரிய வீட்டின் நீளத்துக்கு எங்கள் தெருவில் ஏழெட்டு வாசல் வந்துவிடும். ஒரு குடும்பம் காலி செய்தால் இன்னொரு குடும்பம் வாடகைக்கு வருகிறது, மற்ற வாசல்களில் கோலம் நிற்பதில்லை.

மனை வீடுகளில் நான் பார்த்தவரை ஆறடி மதில், இரும்பு கேட், உள்ளே போர்டிகோ, அதில் கார். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து வண்டியில் வெளியே வருவார், வண்டியிலேயே உள்ளே போவார். கட்டட விதி முன்பக்கம் காலி இடம் விடச் சொல்கிறது, ஆனால் அந்த இடத்தை ஆளுயர மதிலால் மறைக்கச் சொல்லவில்லை. பெரிய லேஅவுட் என்றால் 10 சதவீத இடத்தைப் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஒதுக்குகிறார்கள், சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. யார் வாசலிலிருந்து பார்த்தாலும் அந்த இடம் கண்ணில் படுவதில்லை, அதனால் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆனால் மனை வீட்டுக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. பழைய தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து அமைந்தவை, திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்று இருந்த காலமும் உண்டு. இன்றைக்கும் ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டால் சுற்றி வளைத்து என்ன சாதி என்ற கேள்விக்குத்தான் வருகிறார்கள். புது மனைப்பிரிவில் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) வேலை பார்ப்பவரும் ரயில்வேக்காரரும் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறவரும் பக்கத்துப் பக்கத்து மனை வாங்குகிறார்கள், யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. ஊருக்குள் வீடு மறுக்கப்பட்டவருக்கு அந்த மதில் ஒரு நிம்மதி. அவரிடம் போய்த் திண்ணையின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது.

ஃபிளாட்டில் நான் குடியிருந்ததில்லை. மதுரையில் தங்கை வீட்டில் தங்கிப் பார்த்ததை வைத்துச் சொன்னால், லிஃப்ட் வாசலில் பார்ப்பவர்கள் சிரித்துக்கொள்கிறார்கள், மொட்டைமாடியில் வடாம் காயவைக்கும்போதுதான் பேசிக்கொள்கிறார்கள். குழந்தை உள்ளவர்களுக்குக் கீழே விளையாட இடம் இருப்பது நல்ல வசதி. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

திண்ணை வீட்டின் பராமரிப்பையும் சொல்ல வேண்டும். நாட்டு ஓடு மழைக்கு முன்னால் பிரித்து மேய வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதைவிடப் பெரிய தலைவலி ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிது போடுவதால் ரோடு ஒவ்வொரு முறையும் உயர்கிறது, படிகள் புதைகின்றன, கனமழையில் தண்ணீர் திண்ணையை நக்குகிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் ரோட்டுக்கு மேல் எத்தனை படி மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று படியாவது இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஏற்கெனவே மனை வாங்கிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. கழனிவாசல் பக்கம் கட்டிய என் சித்தப்பா மகன் மதிலை இடுப்புயரத்தோடு நிறுத்தி, தன் எல்லைக்குள்ளேயே கேட்டை ஒட்டி நாலு பேர் உட்காரும் நீளத்துக்குத் தெருவைப் பார்த்த சிமெண்ட் திண்ணை போட்டிருக்கிறான், அந்த இடத்தில் மட்டும் மதிலே கிடையாது. கிழக்குப் பார்த்த மனை என்பதால் சாயங்காலம் வீட்டு நிழலே அதன் மேல் விழுகிறது. மேற்குப் பார்த்த மனை என்றால் அஸ்திவாரம் தோண்டும்போதே திண்ணைக்கு முன்னால் ஒரு வேப்பங்கன்று நட்டுவிடுங்கள், வெயில் காய்கிற திண்ணையில் யாரும் உட்கார மாட்டார்கள்.