மாத்திரையைப் பற்றிக் கேட்காத ஹோல்டர் பரிசோதனை

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாளம் தவறிய இதயத்துடிப்புக்காக என் தந்தையார் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரையையும் மெட்டோப்ரோலாலையும் சேர்த்து உட்கொண்டு வருகிறார். நடக்கும்போது கிறுகிறுப்பு வருவதாக அவர் சொன்னதால், 24 மணி நேர ஹோல்டர் பதிவை (உடலில் அணியும் சிறு கருவி இதயத்தின் மின்னியக்கத்தைத் தொடர்ந்து பதிவது) எடுத்து வருமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு அருகிலுள்ள பரிசோதனை நிலையம் ஒன்றில் எடுத்தோம்.

கருவியைப் பொருத்திய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்பு முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தோல் நன்கு காய்ந்த பிறகே மின்முனை வில்லைகளை ஒட்டினார்கள். இரவு முழுவதும் அவர் புரண்டு படுத்தும் பதிவு எங்கும் அறுபடவில்லை.

குறை படிவத்தில்தான் இருந்தது. உயரம், எடை வரை கேட்ட அந்தத் தாளில் மருந்துகளுக்கு ஒரு வரிகூட இல்லை. அமியோடரோன், மெட்டோப்ரோலால் இரண்டுமே இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவின் வேகத்தைக் குறைத்து, மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கடத்தும் ஏ.வி. கணு வழியாக அது கடப்பதைத் தாமதப்படுத்துபவை. போதாக்குறைக்கு, மெட்டோப்ரோலாலைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அமியோடரோன் தடுப்பதால், அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தேங்குகிறது. க்யூ.டி. இடைவெளியை, அதாவது கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள ஆகும் நேரத்தை, நீட்டுவதோ அமியோடரோன் மட்டுமே. ஆகவே எந்த மாற்றம் எந்த மருந்தால் வந்தது என்பதை வரைபடத்தை மட்டும் பார்த்துப் பிரித்தறிவது கடினம். அமியோடரோன் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், உடலில் தங்குவதால், அண்மையில் நிறுத்திய மருந்துகளையும் படிவம் கேட்டிருக்க வேண்டும்.

நாட்குறிப்புத் தாளில் நடை, உணவு, உறக்கம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. மாத்திரை விழுங்கிய நேரத்தை நானே ஓரத்தில் எழுதி வைத்தேன். மறுநாள் வந்த அறிக்கையில் சராசரித் துடிப்பு 51, பி.ஆர். இடைவெளி (மின்தூண்டல் மேலறைகளிலிருந்து கீழறைகளை எட்ட ஆகும் நேரம்) 230 மில்லிவினாடி, அதிகாலையில் 2.3 வினாடி இடைநிறுத்தம் ஆகியவை குறிக்கப்பட்டு, முடிவுரையாக ‘துடிப்பு மெதுவாக உள்ளது’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. மருத்துவர் அந்த ஓரக் குறிப்பைத்தான் முதலில் படித்தார்; பிறகு மெட்டோப்ரோலாலின் அளவைப் பாதியாகக் குறைத்தார்.

படிவத்தைப் பற்றி முகப்பில் இருந்த பெண்ணிடம் சொன்னபோது, அது தலைமை அலுவலகத்திலிருந்து அச்சாகி வருவதாகப் பணிவாகவே பதில் சொன்னார். அடுத்த மாதப் பதிவுக்கும் இங்கேயே செல்வோம், மருந்துச் சீட்டின் நகலைப் படிவத்தோடு பின் போட்டுக் கொடுத்துவிட்டு.