டர்போவைப் புகைய வைத்த அரை மீட்டர் ஹோஸ்: என் ஆர்எக்ஸ்-8, ஆறு வருடம் கழித்து

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பன் போன் பண்ணினான். 2019-ல் நான் என் மாஸ்தா ஆர்எக்ஸ்-8 காருக்குப் போட்ட அதே டர்போ கிட் (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், அதை மாட்டும் சாமான்களும்), பெட்டி பிரிக்காமல், பாதி விலைக்கு வருகிறதாம். "வாங்கலாமாடா? ஒரு வார்த்தையில் சொல்லு" என்றான். ஒரு வார்த்தை கேட்டவனிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கார் 2004 மாடல், ஆறு கியர் மேனுவல். நான் இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். கோடையில் 40 டிகிரி வந்துபோகும் இடம். வார நாட்களில் எம்4 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஈஸ்டர்ன் க்ரீக் ட்ராக்கில் ஓடும். கிட் போட்டதிலிருந்து 41,000 கிலோமீட்டர் ஆகிறது. பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம், 7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஒரு நாளும் ஏற்றியதில்லை. இந்தக் காரில் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின், பெயர் ரெனிசிஸ். அதன் கம்ப்ரெஷன் (உள்ளே வரும் காற்றை அமுக்கும் விகிதம்) 10-க்கு 1. பழைய ஆர்எக்ஸ்-7 டர்போவில் அது 9-க்கு 1. இந்த வித்தியாசத்தை மறந்து பூஸ்ட் ஏற்றினால் ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீலுக்கு நாள் குறித்த மாதிரிதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபம் வந்தால் மறந்துவிடும். ஸ்டாக் ஆர்எக்ஸ்-8-ல் 6,000 ஆர்பிஎம் வரைக்கும் கார் சோம்பல் முறித்துக்கொண்டே இருக்கும், அப்புறம்தான் எழுந்து ஓடும். டர்போ போட்டதும் 3,500-லேயே முதுகைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தது. அந்தத் தள்ளல் விட்டுவிட்டு வராமல், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல ஒரே சீராக 8,500 வரை போகும். இந்தக் காரை மாஸ்தா இப்படித்தான் விற்றிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். 1982-லேயே டர்போ ரோட்டரி விற்ற கம்பெனி, ஆர்எக்ஸ்-8-க்கு 2012-ல் கடையை மூடும்வரை ஒரு டர்போ கொடுக்கவில்லை. அந்தக் கோபம் தனிக்கதை.

சரி, புகைக்கு வருவோம்.

கிட் போட்டு ஏழாவது வாரம். பாரமட்டா ரோட்டில் சிக்னலில் நிற்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இருந்த கார் தெரியவில்லை. நீலம் கலந்த வெள்ளைப் புகை, தெருவுக்குக் கொசு மருந்து அடித்த மாதிரி. பச்சை விழுந்து நகர்ந்தால் புகை இல்லை. அடுத்த சிக்னலில் ஒரு நிமிடம் நின்றால் மறுபடி அதே புகை. ரோட்டரி வைத்திருப்பவனுக்குப் புகை வந்தால் ஊரே சொல்லும் பதில் ஒன்றுதான்: "இன்ஜின் போச்சு." ரோட்டரில் இருக்கும் ஆயில் ரிங் தேய்ந்தாலும் புகைக்கும் என்பது உண்மைதான். கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தேன். இரண்டு ரோட்டர், ஆறு முகம், ஆறும் நன்றாகவே இருந்தது. அப்படியென்றால் டர்போ சீல்தான் என்று கிட் மாட்டிய கடையில் சொன்னார்கள். டர்போ மாற்றினோம். புதியது மூன்றே வாரத்தில் அதே சிக்னலில் அதே புகை விட்டது. இதற்கிடையில் அத்தனை ஆயிலையும் குடித்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டது. பிங்க் ஸ்லிப் (ரெஜிஸ்ட்ரேஷனுக்கான பாதுகாப்புச் சோதனை) எடுக்கும் நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாகப் போனது கிரான்வில் பக்கம் ரோட்டரி மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம். அவர் கடையில் நுழைந்ததும் ஒரு பலகையில் செத்துப்போன டர்பைன் சக்கரங்களை வரிசையாக வைத்திருப்பார். ஓரமெல்லாம் எலி கடித்த முறுக்கு மாதிரி இருக்கும். ஏபெக்ஸ் சீல் உடைந்து, அந்தத் துண்டுகள் எக்ஸாஸ்ட் வழியாகப் போய்க் கடித்தவை. ரோட்டரியில் இன்ஜின் சாகும்போது டர்போவையும் கூட்டிக்கொண்டு போகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. என் கதையைக் கேட்டவர் டர்போவைத் தொடவே இல்லை. காரைத் தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

டர்போவிலிருந்து சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஆயில் திரும்பும் ட்ரெயின் ஹோஸைக் கழற்றினார். சம்ப் பக்கத் துளையை அடைத்தார். ஒரு காலி பால் கேனைத் தரையில் வைத்து ஹோஸை அதற்குள் விட்டார். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கேன் நிரம்ப நிரம்ப அணைத்து, அந்த ஆயிலையே திரும்ப மேலே ஊற்றி, மறுபடி ஓடவிட்டார். முதல் இரண்டு முறை எக்ஸாஸ்டில் ஏற்கெனவே தேங்கியிருந்தது எரிந்து புகைந்தது. மூன்றாவது முறை குறைந்தது. நான்காவது முறை சுத்தம். டர்போ அதே டர்போ, சீல் அதே சீல். கேனில் விழுந்த ஆயிலைப் பார்க்கச் சொன்னார்: நுரை நுரையாக, ஆற்றி ஊற்றிய காபி மாதிரி இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது, வெளியே வரும்போது அழுத்தம் எதுவும் இல்லாத நுரையாக வருகிறது. தன் எடையிலேயே அது கீழே வழிய வேண்டும். டர்போவின் ஷாஃப்டில் இருக்கும் சீல் ரப்பர் வளையம் கிடையாது, சின்ன பிஸ்டன் ரிங் போன்ற ஒன்று. தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுக்கும் வேலை அதற்குத் தெரியாது. கிட்டில் கொடுத்திருந்த ஹோஸ் 12 மி.மீ. உள் விட்டம், நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கியது. சம்ப்பில் பற்றவைத்திருந்த துளை ஆயில் மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஆர்எக்ஸ்-8-ல் இந்த மாதிரிக் கிட்டில் டர்போவே தாழ்வாக உட்காருகிறது. ஆயில் மட்டத்துக்கும் அதற்கும் நான்கு விரல் உயரம்கூட இல்லை. வெட்டிப் பார்த்தால் ஹோஸின் உள்பக்கம் எக்ஸாஸ்ட் சூட்டில் உப்பி வழியைப் பாதி அடைத்திருந்தது. அதோடு என்னுடையது பால் பேரிங் டர்போ, ஷாஃப்ட் சிறு குண்டுகள்மேல் சுழலும் வகை. அதற்கு ஆயில் கொஞ்சம் போதும். உள்ளே போகும் வழியில் சுமார் 1 மி.மீ. துளை உள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். கிட்டில் அது இல்லை. தேவைக்கு மேல் ஊற்றிக்கொண்டு, வெளியேறும் வழியையும் அடைத்துவைத்திருக்கிறோம். நான் பழி போட்ட முதல் டர்போ ஒரு தப்பும் செய்யவில்லை.

ஆயிரக்கணக்கான டாலர் கிட்டில் இருபது டாலர் ஹோஸ்! இன்னும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரிசெய்தது இப்படி. சம்ப்பைக் கழற்றி, எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே புதிதாகத் துளை போட்டுப் பற்றவைத்தோம். 16 மி.மீ. உள் விட்டத்தில் எஃகுக் குழாய், எங்கும் தொங்காமல், கடைசியில் மட்டும் ஒரு விரல் நீள ரப்பர் இணைப்பு. டர்போவின் நடு உடலைத் திருப்பி, ட்ரெயின் வாய் நேராகத் தரையைப் பார்க்கும்படி வைத்தோம். உள்ளே போகும் வழியில் ரெஸ்ட்ரிக்டர். ஸ்கேவெஞ்ச் பம்ப் போட்டு ஆயிலை இழுக்கலாமே என்று கேட்டேன். "பம்ப் நின்றால் என்ன செய்வாய்?" என்றார் பெரியவர். அத்தோடு விட்டேன். சம்ப்பின் காற்றுப் போக்கையும் பெரிதாக்கினார். ரோட்டரியில் சைடு சீலைத் தாண்டி வரும் வாயு சம்ப்புக்குள் அழுத்தத்தை ஏற்றினால் ட்ரெயின் ஆயில் மேலேயே நின்றுவிடும். அன்றிலிருந்து சிக்னலில் புகை இல்லை.

இதற்கு அப்புறமும் கார் நிம்மதியாக விட்டதா என்றால், இல்லை. ரோட்டரியின் எக்ஸாஸ்ட் சூடு வேறு ரகம். 110 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா போகும்போதே என் மீட்டர் 800 டிகிரியைத் தாண்டும், பூஸ்டில் 900-க்கு மேல். ரெனிசிஸில் எக்ஸாஸ்ட் வாய் மூன்று. நடுவில் இருப்பது இரண்டு ரோட்டருக்கும் பொது, அதனால் அதற்கு ஓய்வே கிடையாது. 2021-ல், இந்த வாய்களை டர்போவோடு இணைக்கும் மேனிஃபோல்ட் விரிசல் விட்டது சரியாக அந்த நடுக் குழாயின் வெல்டிங்கில்தான். டர்போவின் மொத்த எடையும் அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினோடு சேர்த்து ஒரு தாங்குகம்பி போட்டு, டர்போவுக்கு அடுத்த எக்ஸாஸ்ட் குழாயான டவுன்பைப்பில் நெளியும் பெல்லோஸ் சேர்த்தபிறகு விரிசல் வரவில்லை. டர்போவை மேனிஃபோல்டோடு பூட்டும் ஃபிளாஞ்சில் கிட்டோடு வந்த சாதாரண ஸ்டட்கள் சூட்டில் நீண்டு தளர்ந்துகொண்டே இருந்தன. சூடு தாங்கும் இன்கோனெல் உலோக ஸ்டட் போட்டதும் ஓய்ந்தது. மேனிஃபோல்டைச் சுற்றி வெப்பத் துணி கட்டாதீர்கள் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். என்னுடையது விரிசல் விட்டது அந்தத் துணிக்கடியில்தான், அவிழ்க்கும்வரை தெரியவே இல்லை.

முதலில் ட்யூன் பண்ணியவர் இன்ஜின் வெடித்துவிடுமோ என்று பயந்து இக்னிஷனை (பெட்ரோலைப் பற்றவைக்கும் நேரத்தை) அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். அறைக்குள் முடிய வேண்டிய எரிவு வெளியே நீண்டு, இன்ஜின் பிழைத்தது, டர்போ வெந்தது. இரண்டாவது ட்யூனர் டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, பூஸ்டில் பெட்ரோலைக் கூட்டினார். மீட்டரில் 50 டிகிரி இறங்கியது. சக்கரத்தில் அளந்த சக்தி 182 கிலோவாட். பெட்ரோல் செலவைக் கேட்காதீர்கள்.

தண்ணீர்க் குழாயையும் சொல்லவேண்டும். கிட் மாட்டிய கடையில் "டர்போ டைமர் இருக்கே, கூலன்ட் லைன் எதற்கு" என்று டர்போவுக்குப் போகும் கூலன்ட் குழாயை அடைத்துவைத்திருந்தார்கள். சாவியை எடுத்தபிறகும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவதுதான் அந்த டைமர். இன்ஜின் ஓடும்போது டர்போவைக் குளிர்விப்பது ஆயில்தான். அணைத்தபிறகு டர்பைன் சூடு பேரிங்குக்கு ஏறும்போது, கூலன்ட் தானாகச் சூடேறி மேலே போய், குளிர்ந்தது கீழே வந்து, சத்தமில்லாமல் அந்தச் சூட்டை எடுத்துப்போகும். அந்தக் குழாய் இல்லாவிட்டால் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். இப்போது இரண்டு குழாயும் மேல்நோக்கி ஏறும்படி இருக்கின்றன. டைமரைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். ட்ராக்கிலிருந்து வந்தால் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுவதோடு சரி.

ஆயில் 4,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. ரோட்டரி தன் சம்ப் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் விட்டு எரிக்கிறது, கூடவே பெட்ரோலும் சம்ப்பில் கலக்கிறது. மட்டம் இறங்கினாலும் ஆயில் நீர்த்தாலும் முதலில் அடிவாங்குவது டர்போ பேரிங். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்க்கிறேன். மனைவி இதை என் காலைப் பூஜை என்பாள்.

மொத்தக் கணக்கு போட்டால் கிட் விலைக்கு மேல் இன்னொரு கிட் விலை ஆகியிருக்கிறது. என்ஜினியர் சான்றிதழ் அதில் சேராது. ஆறு வருடத்தில் ஏழு மாதம் கார் ஓடவில்லை. இதே பணத்துக்கு மஸ்டாங் ஒன்றைப் பழையதாக வாங்கி, ஏசி போட்டு, நிம்மதியாக ஓட்டியிருக்கலாம். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: வாங்காதே. என்னுடையதைக் கழற்றித் தா என்று எவனாவது கேட்டால் அதுவும் நடக்காது.

இதை நேற்று ராத்திரி எழுதி முடித்தேன். காலையில் நண்பனிடமிருந்து ஒரு போட்டோ. கிட் வாங்கிவிட்டான். கராஜ் தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறான். ஓரமாக, பிளாஸ்டிக் பையில் சுருண்டபடி, அதே 12 மி.மீ. ஹோஸ். முதலில் அதைக் குப்பையில் போடு, சனிக்கிழமை வெல்டிங் மெஷினோடு வருகிறேன் என்று பதில் அனுப்பினேன்.